பழகிய டை ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போனால்: கடை அலமாரியில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

வருடக்கணக்கில் நரைக்கு ஒரே டையை அடித்துவந்தவருக்குத் திடீரென்று நெற்றி ஓரம் அரிக்கும். மறுநாள் காலையில் இமை வீங்கிக் கண்ணே திறக்காது. கம்பெனிக்காரன் சரக்கை மாற்றிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் பெட்டிக்குள் எதுவும் மாறியிருக்காது. உள்ளே இருக்கும் பாரா-ஃபீனிலீன்டையமீன், சுருக்கமாக பி.பி.டி., மிகச் சிறிய மூலக்கூறு. டையோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து முடிக்குள்ளேயே பெரிய நிற மூலக்கூறாக மாறினால்தான் நரை கறுக்கும். முடிக்குள் நுழையவிடும் அதே சிறிய உருவம்தான் அதைத் தோலுக்குள்ளும் நுழையவிடுகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் அதை ஒருமுறை பகையென்று குறித்துக்கொண்டால், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். எத்தனையாவது முறையில் குறித்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே எது கருகருவென்று பிடிக்கிறது என்பதை இங்கே பார்க்கப்போவதில்லை. பி.பி.டி. ஒவ்வாமை வந்தவர் இதைத் தலையில் வைக்கலாமா என்ற ஒரே கேள்வியை வைத்து ஒவ்வொரு வகையையும் பார்க்கலாம்.

முதலில் நிரந்தர க்ரீம் டை. நிறத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒவ்வாமை வந்தவருக்கு மதிப்பெண் பூஜ்யம். ‘அம்மோனியா இல்லாதது’ என்று பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். அம்மோனியா முடியின் மேல்செதிலைத் திறக்க உதவுவது. மூக்கை எரிக்கும், அவ்வளவுதான். இந்த வீக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை எடுத்துவிட்டு எத்தனாலமீன் சேர்த்திருப்பார்கள், பி.பி.டி. அப்படியே இருக்கும். ‘பி.பி.டி. இல்லாதது’ என்ற பெட்டியும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. அதில் பெரும்பாலும் டொலுவீன்-2,5-டையமீன் இருக்கும்; பி.பி.டி. ஒத்துக்கொள்ளாத பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. பி.பி.டி. மூலக்கூறில் மெத்தாக்ஸிமெத்தில் சேர்த்த புதிய வகை சற்று மென்மையானது என்றாலும், ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அதுவும் வேலையைக் காட்டும். ‘டெமி-பெர்மனென்ட்’ என்று விற்பதிலும் டெவலப்பர் பாட்டில் இருந்தால் இதே குடும்பம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பூ டை இன்னும் மோசம். நுரை நெற்றி, காது, கழுத்து என்று வழிவதால் சாயம் படும் தோலின் பரப்பு கூடுகிறது. வேலை சுலபம் என்பதால் அடிக்கடி போடத் தோன்றுகிறது; கையுறையைப் பலர் மாட்டுவதே இல்லை. இந்தக் கண்டுபிடிப்பு யாருடைய தோலையும் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

அடுத்து ‘கருப்பு மருதாணி’ பொடி. பச்சை உறை, இலைப் படம், ‘மூலிகை’ என்ற சொல். மிகப் பெரிய கண்ணி இதுதான். மருதாணியில் இருக்கும் லாசோன் தரும் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு, அதற்கும் மணிக்கணக்கில் ஊற வேண்டும். அரை மணி நேரத்தில் கருப்பாக்குகிறது என்றால் உள்ளே பி.பி.டி. இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். உறையின் பின்பக்கம் 1,4-டையமினோபென்சீன், சி.ஐ. 76060 என்று அச்சிட்டிருந்தாலும் அது பி.பி.டி.தான். தோலில் வரையும் தற்காலிகக் கருப்பு டாட்டூவும் இதே சமாசாரம். சிறு வயதில் அதைப் போட்டுக்கொண்டு ஒவ்வாமையைச் சம்பாதித்தவர்களுக்கு, பின்னாளில் முதல் டையிலேயே முகம் வீங்கிவிடுவதுண்டு.

ஒவ்வாமைக்காரர் நம்பிப் போகக்கூடியது வேறெதுவும் கலக்காத மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரி இலையும்தான். உறையில் இலைப்பொடியைத் தவிர ஒரு பெயரும் இருக்கக்கூடாது. தோள்வரை உள்ள முடிக்கு ஒவ்வொன்றிலும் சுமார் 200 கிராம் பிடிக்கும். மருதாணியை வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தயிர்ப் பதத்தில் கரைத்து, 8 மணி நேரம் மூடிவையுங்கள். மேற்பரப்பு பழுப்பேறினால் சாயம் இறங்கிவிட்டது. எண்ணெய்ப் பசை இல்லாத தலையில் பூசி 2–3 மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள். அதற்குமேல் பூசும் அவுரிக்கு இந்தக் காத்திருப்பு ஆகாது. வெதுவெதுப்பான நீரும் சிட்டிகை உப்பும் போதும், புளிப்பு எதுவும் சேர்க்கக்கூடாது. கரைத்த 10–15 நிமிடத்தில் மேலே நீலம் படரும். உடனே பூசிவிட வேண்டும். முந்தைய நாள் கரைத்துவைத்தால் காற்றுப் பட்டு வீரியம் போய்விடும். நரை பச்சையாகத் தெரிகிறது என்ற புகாருக்கு வழக்கமான காரணம், மருதாணி அடித்தளம் போதவில்லை என்பது. ஒன்றரை மணி நேரம் ஊறட்டும், பிறகு 2 நாள் ஷாம்பூ வேண்டாம். நிறம் அதற்குள் மெல்லக் கறுக்கும். அரை நாள் போய்விடும் என்பது உண்மைதான். ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்கள் மருதாணியைத் தவிர்க்க வேண்டும், ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் அபாயம் இருக்கிறது.

டெவலப்பரே இல்லாத தற்காலிகச் சாயங்கள் முடியின் மேலே படிபவை. சில அலசலில் மங்கிவிடும், முழு நரையைக் கருப்பாக்காது. இவற்றிலும் சில நிறமிகள் ஒவ்வாமை தருவதுண்டு, உட்பொருள் பட்டியலைப் பார்த்தே வாங்குங்கள். வேர்ப்பகுதி நரையை மறைக்கும் இரும்பு ஆக்சைடு பவுடர் ஒவ்வாமை வகையில் கவலை குறைந்தது. வியர்த்தால் வழியும், தலையணையில் ஒட்டும்.

எதை எடுத்தாலும் காதுக்குப் பின்னால் சிறு பொட்டளவு தடவி, மூடாமல் 48 மணி நேரம் கவனியுங்கள். 15 நிமிடம் பார்த்துவிட்டுத் தலையில் தேய்ப்பது பயனில்லாத சோதனை. இந்த ஒவ்வாமை தாமதமாகவே தலைகாட்டும், 1 முதல் 3 நாள்கூட ஆகலாம். ஆனால் ஏற்கெனவே வீங்கியவர் பி.பி.டி. டையை வைத்து வீட்டில் சோதிக்கவே கூடாது. தோல் மருத்துவர் முதுகில் 1 சதவீத பி.பி.டி. ஒட்டுச் சோதனை செய்து, 2 நாளில் அகற்றி, 4-ஆம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பார்.

அரிப்பு தொடங்கிவிட்டால் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான ஷாம்பூவிலும் நன்றாக அலசுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். புண்ணுக்குப் பூசும் மரப்புக் களிம்பு வாங்கும்போது பென்சோகெய்ன் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வேதி அமைப்பு பி.பி.டி.க்கு நெருக்கமானது, சிலருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்வதில்லை. கருநிறச் செயற்கை இழைத் துணியின் சாயமும் அப்படித்தான். ஏற்கெனவே சாயமேறிய முடியை மட்டும் பயந்து வெட்டிவிட வேண்டாம். முழுதாக வினை முடிந்த நிறம் பெரும்பாலும் தொல்லை தராது, நன்றாக அலசினால் போதும்.