மெஷ் வைஃபையும் கேட்வேயும்: இரண்டில் எது ரவுட்டர்?

இணைய நிறுவனம் தந்த கேட்வேயின் லேன் போர்ட்டிலிருந்து (கேபிள் செருகும் துளை) ஒரு கேபிளை எடுத்து, பல யூனிட்கள் சேர்ந்து வீடு முழுவதும் வைஃபை பரப்பும் மெஷ்ஷின் முதன்மை யூனிட்டில் செருகினால் சில நிமிடங்களில் இணையம் வந்துவிடுகிறது. பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கேட்வே என்பது மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் சேர்ந்த பெட்டி. மெஷ்ஷும் ஒரு ரவுட்டர்தான். கருவிகளுக்கு முகவரி கொடுத்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொள்ளும் வேலையை இரண்டில் எதனிடம் விடுவது? இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எதையும் மாற்றாமல் விடுவது. கேட்வே 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுக்கும். மெஷ் அதற்குள்ளே 192.168.68 போன்ற வேறொரு வரிசையை உருவாக்கும். வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) முகவரியும் இரண்டு முறை மாற்றி எழுதப்படும். இப்படி முகவரியை மாற்றுவதுதான் நேட்; இரண்டு முறை நடப்பதால் இதை இரட்டை நேட் என்கிறார்கள். இதனால் வேகம் பாதியாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல. படம் பார்க்கவும் செய்தி படிக்கவும் வித்தியாசமே தெரியாது. தொல்லை வேறு இடத்தில் வருகிறது.

என் வீட்டில் பிரிண்டர் கேட்வேயின் பழைய வைஃபையிலேயே இருந்தது. கைப்பேசி மெஷ்ஷுக்கு மாறிவிட்டது. இரண்டும் ஒரே மேசையில், ஒரு முழ இடைவெளியில். கைப்பேசியோ பிரிண்டர் எதுவும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பிரிண்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. கடைசியில் பிரிண்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் நேரடியாகத் தட்டினேன். அதன் அமைப்புப் பக்கம் உடனே திறந்தது. மெஷ்ஷுக்குள் இருக்கும் கருவி வெளிப்புறமாகக் கேட்வே பக்கம் போக முடியும். ஆனால் ‘இங்கே பிரிண்டர் இருக்கிறதா’ என்று வலையமைப்பு முழுவதும் கேட்கும் அழைப்பு ரவுட்டரைத் தாண்டிப் போகாது. கேட்வே பக்கத்துக் கணினியோ மெஷ் பக்கத்தை எட்டவே முடியாது. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவையோ சர்வரையோ அணுக வேண்டுமென்றால் அதற்கான போர்ட்டையும் (கேபிள் துளை அல்ல, வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) கேட்வே, மெஷ் என இரண்டு இடங்களில் திறந்துவிட வேண்டும்.

இரண்டாம் வழி, மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுவது. கேட்வே ரவுட்டராகவே இருக்கும். மெஷ் வைஃபையைப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும். வீடு முழுவதும் ஒரே வலையமைப்பு. லேண்ட்லைன், டிவி சேவைகளில் கை வைக்க வேண்டியதில்லை. பிடிக்கவில்லையென்றால் மெஷ்ஷின் செயலியிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு இதையே முதலில் சொல்வேன். கேட்வேயின் வைஃபையை மட்டும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சில கருவிகள் பழைய சிக்னலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் இழப்பும் உண்டு. குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்பது போன்ற வசதிகள் பல மெஷ்களில் இந்த முறையில் வேலை செய்யாது. கூகுள் நெஸ்ட் வைஃபையில் ஒன்றுக்கு மேற்பட்ட யூனிட்கள் இருந்தால் இந்த வழியே கிடையாது. முதன்மை யூனிட் ரவுட்டராக இருந்தாக வேண்டும்.

மூன்றாம் வழி, கேட்வேயை பிரிட்ஜ் முறைக்கு மாற்றுவது. இப்போது கேட்வே வெறும் மோடம், மெஷ்தான் ரவுட்டர். மெஷ்ஷின் எல்லா வசதிகளும் கிடைக்கும்; போர்ட்டை ஒரே இடத்தில் திறந்தால் போதும். ஆனால் முன்னேற்பாடு வேண்டும். இணைப்பு பிபிபிஓஇ வகை (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவது) என்றால் அதன் பயனர் பெயர், கடவுச்சொல், விஎல்ஏஎன் எண் (இணையப் போக்குவரத்தைப் பிரித்தறிய நிறுவனம் வைக்கும் எண்) ஆகியவற்றை முதலில் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு மெஷ்ஷில் கொடுக்க வேண்டும். இவை கையில் இல்லாமல் மாற்றினால் இணையமே நின்றுபோகும். கேட்வே வழியாக வரும் தொலைபேசி தொடர்ந்து வேலை செய்யுமா என்பதையும் நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

இத்தனை பாடும் போர்ட் திறப்பதற்காகத்தான் என்றால், முதலில் கேட்வேயின் வான் (WAN) முகவரியை, அதாவது நிறுவனம் அதற்குக் கொடுத்த வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், நிறுவனமே தன் பக்கத்தில் இன்னொரு நேட் வைத்திருக்கிறது. பிரிட்ஜ் முறைக்கு மாறினாலும் போர்ட் திறக்காது.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. ஈரோ, கூகுள் போன்ற மெஷ்கள் தங்கள் ஆக்சஸ் பாயிண்ட் முறையை ‘பிரிட்ஜ்’ என்றே அழைக்கின்றன. கேட்வேயிலும் ‘பிரிட்ஜ்’ என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் நேரெதிரானவை: ஒன்றில் மெஷ் ரவுட்டர் வேலையை விட்டுக்கொடுக்கிறது, மற்றதில் கேட்வே விட்டுக்கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டால் வீட்டில் ரவுட்டரே இல்லாமல் போகும். கருவிகள் வைஃபையில் இணைந்தது போலக் காட்டும், இணையம் மட்டும் வராது. எனவே ஒரு நேரத்தில் ஒரு பெட்டியின் அமைப்பை மட்டும் மாற்றி, சோதித்துப் பாருங்கள்.

துணை யூனிட்களுக்கும் கேபிள் இழுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்ட் முறையில் அந்தக் கேபிளைக் கேட்வேயிலேயே செருகலாம். மெஷ் ரவுட்டராக இருந்தால், அது முதன்மை யூனிட்டிலிருந்தோ அதற்குப் பின்னால் வைத்த நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்தோதான் (ஒரு கேபிளைப் பல கேபிள்களாகப் பிரிக்கும் பெட்டி) போக வேண்டும்.