யூ0100 காட்டுகிறது, ஈசிஎம்மை மாற்றணும் என்று சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

வண்டி கிளம்பவில்லை, பழுது பார்க்கும் ஸ்கேனரால் எஞ்சின் கம்ப்யூட்டரோடு (அதைத்தான் ஈசிஎம் என்கிறார்கள்) பேச முடியவில்லை, ஒர்க்‌ஷாப்பில் "ஈசிஎம் அவுட்" என்கிறார்கள். இந்த நிலைமையில் யாராவது இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் முழுப் பணத்தையும் கட்டி முடித்த பிறகுதான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன், இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவே இல்லை. இரண்டு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை நின்று, திரும்பப் போட்டதும் கிளம்பியிருந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது. என்னிடம் இருந்த சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் அதன் விளக்கு எரிந்தது, ஆனால் போனில் "எஞ்சினோடு இணைய முடியவில்லை" என்று மட்டும் வந்தது. இன்னொன்றும் நடந்தது, அதன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை: இக்னிஷன் போட்டதும் வழக்கமாக எரியும் எஞ்சின் விளக்கு அன்றைக்கு எரியவே இல்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன் (பெயர் வேண்டாம், இந்த மாதிரி இடம் எங்கேயும் இருக்கிறது). ஒரு பையன் டேப்லெட்டைச் செருகினான். ஏபிஎஸ் (பிரேக்கைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்), ஏர்பேக், மீட்டர் போர்டு எல்லாம் பதில் சொன்னது, எஞ்சின் வரிசை மட்டும் சிவப்பாக நின்றது, ஏபிஎஸ்ஸுக்குள் யூ0100 என்ற பழுதுக் கோட் இருந்தது. சூப்பர்வைசர் அதை எனக்குத் திருப்பிக் காட்டி, "பாருங்க சார், கம்ப்யூட்டரே சொல்லுது, ஈசிஎம் அவுட்" என்றார். வயரிங்கில் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்தாச்சு சார், வயரிங் சுத்தமா இருக்கு." நான் அந்த நேரம் முழுக்க அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். பானெட்டை ஒருமுறை திறந்தார்கள், மூடினார்கள். ஒருத்தர் கையிலும் மல்டிமீட்டர் இல்லை. அதைப் பார்த்தும் நான் வாயைத் திறந்து கேட்காமல் விட்டேன்.

யூ0100 என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுக்க இந்த ஒரு கோடை வைத்துத்தான் நடக்கிறது. அது எஞ்சின் கம்ப்யூட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் கோட் கிடையாது. ஏபிஎஸ் மாதிரி வேறொரு மாட்யூல் (வண்டிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் இருக்கும் தனிக் கம்ப்யூட்டர்), "எஞ்சின் கம்ப்யூட்டரிடமிருந்து எனக்குச் செய்தி வரவில்லை" என்று குறித்து வைப்பது. அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. கரண்ட் போகாமல் இருக்கலாம், எர்த் (கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) விட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகி எஞ்சின் கம்ப்யூட்டர் சென்சார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளையைக் கீழே இழுத்திருக்கலாம், கடைசியாக, உண்மையிலேயே ஈசிஎம் போயிருக்கலாம். போன் எடுக்காத ஆள் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவது மாதிரிதான் அந்தக் கோடைப் பார்த்த உடனே ஈசிஎம் மாற்றச் சொல்வது.

நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய பில். "புது ஈசிஎம்" என்றார்கள், பெட்டியைக் காட்டவில்லை. பழையதைக் கேட்டால், "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு சார்." பில்லில் ஈசிஎம் ஒன்று, புரோகிராமிங் ஒன்று, இரண்டே வரி, பார்ட் நம்பர்கூடக் கிடையாது. வண்டி ஓடியதே என்ற நிம்மதியில் கையெழுத்துப் போட்டேன்.

பதினாறு நாள் ஓடியது. பதினேழாவது நாள் அதே காலை, அதே ஸ்டார்ட்டர் சத்தம், அதே "இணைய முடியவில்லை". போன் செய்தால் சூப்பர்வைசர் கொஞ்சமும் தயங்காமல், "இது வேற கம்ப்ளெயின்ட் சார், வயரிங்ல இருக்கும், ஹார்னஸ் முழுக்கப் பிரிச்சுப் பார்க்கணும்" என்று சொல்லி, அதற்குத் தனியாகக் கூலியும் சொன்னார். சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன அதே வயரிங். அன்றைக்குத்தான் வண்டியை அங்கே திரும்ப விடுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு மல்டிமீட்டரும் என் மாடலுக்கான வயரிங் டயகிராமும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன்.

முதலில் ஸ்கேனர் செருகும் போர்ட். பதினாறு பின் இருக்கும். 16ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி வோல்ட் இருக்கவேண்டும், 4, 5 இரண்டும் எர்த். 16இல் கரண்ட் இல்லையென்றால் ஸ்கேனர் உயிரே பெறாது, பல வண்டிகளில் சார்ஜர் செருகும் 12 வோல்ட் சாக்கெட்டின் ஃப்யூஸிலேயே இதுவும் சேர்ந்திருக்கும், அந்த ஃப்யூஸ் போனதற்கே ஈசிஎம் மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கக்கூடும் என்று இப்போது நம்புகிறேன். எனக்கு அது சரியாக இருந்தது. மீட்டரின் தடிமனான முனையைப் போர்ட்டுக்குள் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிடி விரிந்துவிடும், அப்புறம் அதுவே புதுப் பிரச்சினை. மெல்லிய ஊசி முனை வைத்துத் தொட்டால் போதும். ஸ்கேனர் மேலேயே சந்தேகம் இருந்தால் ஓடுகிற இன்னொரு வண்டியில் செருகிப் பாருங்கள், மலிவான நகல் ஸ்கேனர்களில் சில எல்லா புரோட்டோகாலும் பேசாது.

அடுத்தது கேன் பஸ், அதாவது மாட்யூல்கள் எல்லாம் பேசிக்கொள்ளும் இரட்டை வயர். போர்ட்டில் 6ஆம் பின் கேன் ஹை, 14ஆம் பின் கேன் லோ. பேட்டரியைக் கழற்றிவிட்டு (கரண்ட் இருக்கும்போது ஓம் அளக்கவே கூடாது) இந்த இரண்டுக்கும் நடுவில் அளந்தால் சுமார் 60 ஓம் வரவேண்டும். பஸ்ஸின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது, இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 60. 120 காட்டினால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஷார்ட். சில வண்டிகளில் போர்ட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கேட்வே மாட்யூல் இருக்கும், அதில் இந்த அளவைப் போர்ட்டிலிருந்து எடுக்க முடியாது. பழைய வண்டிகளில் கேனே இல்லாமல் 7ஆம் பின்னில் கே லைன் என்ற பழைய ஒற்றை வயர் இணைப்பு மட்டும் இருக்கலாம். எனக்கு 60.4 வந்தது. பேட்டரியை மாட்டி இக்னிஷன் போட்டு எர்த்துக்கு வோல்ட் பார்த்தால் ஹை 2.6, லோ 2.4, இரண்டரைக்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயுமாக. அப்படித்தான் இருக்கவேண்டும். ஆக, பஸ் நன்றாக இருக்கிறது. யோசித்தால் இதை அளக்காமலேயே சொல்லியிருக்கலாம், அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் மற்ற மாட்யூல் எல்லாம் பேசியதே. பஸ் மொத்தமாக விழுந்திருந்தால் எதுவுமே பேசியிருக்காது. பிரச்சினை எஞ்சின் கம்ப்யூட்டரின் பக்கத்தில் மட்டும்தான் என்பதற்கு அன்றைக்கே அவர்கள் கண் முன்னால் ஆதாரம் இருந்தது, அதற்கு அடுத்த படியை யாரும் எடுக்கவில்லை.

அந்த அடுத்த படிதான் எனக்கு எல்லாவற்றையும் காட்டியது. ஈசிஎம் கனெக்டரில் கரண்ட் வருகிற பின்களை டயகிராமைப் பார்த்துக் கண்டுபிடித்து, கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக வயரோடு ஒட்டி ஊசியை நுழைத்து அளந்தேன். நிரந்தர கரண்ட் 12.3. இக்னிஷன் போட்டதும் மெயின் ரிலே வழியாக வருகிற கரண்டும் கிட்டத்தட்ட அதே. ஃப்யூஸ், ரிலே இரண்டும் தப்பித்தன. பிறகு எர்த். இதை ஓம் வைத்துப் பார்த்தேன், 0.3 காட்டியது, சரியாக இருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். அந்த இடத்தில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள் என்று அப்புறம் புரிந்தது. மீட்டர் அனுப்புகிற துளிக் கரண்டுக்கு ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், நல்ல அளவு காட்டிவிடும். உண்மையான லோடு வரும்போதுதான் அந்த எர்த் தாங்காது. அதனால் வோல்ட்டில் பார்க்கவேண்டும்: இக்னிஷன் போட்டு, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, இன்னொரு முனையை ஈசிஎம்மின் எர்த் பின்னில் வைக்கவேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த்.

எனக்கு 3.8 வந்தது.

மூன்று முறை அளந்தேன், கை நடுங்கியது. 12.3இல் 3.8 எர்த்திலேயே தொலைந்தால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு மிஞ்சுவது எட்டரை வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது அதையும் விடக் குறைவு, அது எப்படிப் பேசும்? கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது பேட்டரி ட்ரேக்கு அடியில் பாடியில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட் பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது, கழற்றினால் வளையத்துக்கு அடியில் பேட்டரி ஆசிட் பட்டுப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, உலோகமே தெரியவில்லை. உப்புத்தாளால் வளையத்தையும் பாடியையும் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, புது வாஷர் போட்டு முறுக்கினேன். 0.03 வோல்ட். இக்னிஷன் போட்டதும் எஞ்சின் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் உடனே இணைந்தது, வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அப்படியானால் "புது ஈசிஎம்" போட்டதும் ஏன் பதினாறு நாள் ஓடியது? என் வண்டியில் ஈசிஎம்மைக் கழற்றவேண்டுமென்றால் பேட்டரி ட்ரேயையும் அந்த எர்த் போல்ட்டையும் கழற்றியே ஆகவேண்டும். கழற்றி மாட்டியதில் கொஞ்சம் சுரண்டுப்பட்டு, தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அதாவது அந்தப் பூத்துப்போன வளையத்தைக் கையில் எடுத்தவர்கள் அவர்கள். பார்த்தும் அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

இதை விட மோசமானது அன்று சாயங்காலம் தெரிந்தது. ஸ்கேனர் இணைந்த பிறகு வண்டித் தகவல் பக்கத்தைத் திறந்தேன். எஞ்சின் கம்ப்யூட்டர் தனக்குள் வைத்திருக்கும் பதினேழு எழுத்துச் சேசிஸ் எண் அதில் வரும். வந்த எண் என் வண்டியின் எண் இல்லை. கடைசி ஆறு இலக்கமும் வேறு. வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதை, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பவிடாத பூட்டு) சாவியை மட்டும் பொருத்தி, புதியது என்ற விலைக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஈசிஎம்மை வெளியே எடுத்துப் பார்த்தேன், லேபிள் உரிக்கப்பட்டு அதன் பசை மட்டும் இருந்தது. என்னுடைய நல்ல ஈசிஎம் எந்த வண்டியில் "புதியதாக" போயிருக்கிறதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஈசிஎம் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தால் போகும், தப்பான முனையில் ஜம்ப் ஸ்டார்ட் செய்தாலும் போகும். ஆனால் கரண்ட், எர்த், பஸ் மூன்றும் கனெக்டரிலேயே அளந்து சரி என்று வந்து, சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும் 5 வோல்ட் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே வரவேண்டும். அந்த அளவுகளை உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லி, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஈசிஎம் உங்களுடையது, கழற்றும் முன்பே அதன் நம்பரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை.

சேசிஸ் எண் வந்த திரையையும், லேபிள் இல்லாத ஈசிஎம்மையும், 3.8 காட்டிய மீட்டரையும் போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் அனுப்பி, பணமும் பழைய ஈசிஎம்மும் கேட்டிருக்கிறேன். முதலில் "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு" என்றவர்கள் இப்போது "ஸ்கிராப்ல போட்டாச்சு" என்கிறார்கள். அந்த இரண்டாவது பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்திருக்கிறேன், நுகர்வோர் புகாருக்கான கடிதத்தில் அதுதான் முதல் இணைப்பு.