சர்வர் முகவரிக்கு வீட்: பிராக்ஸி அருமை, என்வி கோப்பு அரைகுறை

எவான் யூ என்ற நிரலாளர் 2020-இல் வெளியிட்ட வீட் (Vite), வெப் ஆப்பின் கோடைத் தொகுத்துத் தரும் பில்ட் கருவி. அதில், ஏபிஐ சர்வர் (ஆப்புக்குத் தரவு தரும் பேக்எண்ட்) எங்கே இருக்கிறது என்று பிரௌசர் கோடுக்குச் சொல்ல இரண்டு வழி உண்டு: டெவ் சர்வரின் (எழுதும்போது சொந்தக் கணினியில் ஓடும் சர்வர்) பிராக்ஸி, அதாவது அழைப்பை வாங்கி வேறு சர்வருக்குக் கடத்தும் வசதி; அல்லது என்வி (.env) கோப்பு, அதாவது அமைப்பு மதிப்புகளை மாறிகளாக எழுதிவைக்கும் கோப்பு. பலர் என்வியைத்தான் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது பிராக்ஸி.

வீட் கான்ஃபிக் கோப்பின் சர்வர் பகுதியில், ‘/ஏபிஐ’ என்ற பாதைக்கு 8000 போர்ட்டில் ஓடும் பேக்எண்டை டார்கெட்டாகக் கொடுங்கள். அதன்பின் பிரௌசர் கோடு தரவு கேட்கும் ஃபெட்ச் அழைப்பில் டொமைன் எழுதவே வேண்டாம், ‘/ஏபிஐ/ஆர்டர்ஸ்’ போதும். பிரௌசருக்குத் தெரிவது டெவ் சர்வரின் 5173 போர்ட் மட்டுமே என்பதால் கார்ஸ் (CORS: வேறு முகவரிக்குப் போகும் அழைப்புக்குப் பிரௌசர் போடும் கட்டுப்பாடு) தொல்லை எழாது. புரொடக்ஷனில் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் அதே பாதையைப் பேக்எண்டுக்குத் திருப்பிவிட்டால் கோடில் ஒரு வரிகூட மாறாது. இந்த வசதிக்காகவே வீட் கருவியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

டார்கெட்டில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாதீர்கள். வீட் ஓடும் தளமான நோட் (Node.js) 17 முதல் அந்தப் பெயர் ஐபிவி6 முகவரியாகப் போகலாம், பேக்எண்ட் 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தால் இணைப்பு மறுக்கப்படலாம். 127.0.0.1 என்றே எழுதுங்கள். பேக்எண்ட் பாதையில் ‘/ஏபிஐ’ இல்லையென்றால் அதை நீக்கி அனுப்பும் ரீரைட் அமைப்பு தேவை. இந்த பிராக்ஸி பில்ட்டுக்குள் வராது என்பதையும் மறக்கக் கூடாது. பில்ட் முடிவு விழும் டிஸ்ட் ஃபோல்டரை மட்டும் ஒரு ஸ்டாட்டிக் ஹோஸ்டிங்கில் ஏற்றினால், ஏபிஐ அழைப்புக்கு இண்டெக்ஸ் பக்கமே பதிலாக வரலாம். ஜேசான் பார்ஸ் செய்யும்போது ‘<’ குறியைக் காட்டி எரர் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

என்வி வழியில் குறை அடிப்படையிலேயே இருக்கிறது. ‘VITE_’ முன்னொட்டுள்ள மாறிகளின் மதிப்பு பில்ட் நேரத்திலேயே பண்டிலுக்குள் (தொகுத்த கோப்புக்குள்) பதிந்துவிடும். டாக்கர் கண்டெய்னரை ஓட்டும்போது என்வியை மாற்றிப் பயனில்லை; ஸ்டேஜிங்குக்குக் (சோதனைச் சூழலுக்குக்) கட்டிய இமேஜ் புரொடக்ஷனிலும் ஸ்டேஜிங் சர்வரையே கூப்பிடும். முன்னொட்டை விட்டுவிட்டாலோ மதிப்பு அன்டிஃபைன்ட் (undefined), அந்தச் சொல்லே யூஆர்எல்லில் ஒட்டிக்கொண்டு போகும்.

ஏபிஐ வேறு டொமைனில்தான் இருந்தாக வேண்டும் என்றால், பப்ளிக் ஃபோல்டரில் ஒரு கான்ஃபிக் ஜேசான் வையுங்கள். ஆப் திரையில் ஏறுமுன் அதைக் கேஷில் (பிரௌசர் சேமித்த பழைய நகலில்) இருந்து எடுக்காமல் ஃபெட்ச் செய்து முகவரியை எடுங்கள். வீட் கருவியில் இதற்கென்று தனி வசதி இல்லாதது பெரிய குறை.

சர்வருடன் திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டுக்கு, முகவரியைப் பிரௌசரின் லொகேஷன் ஹோஸ்ட்டிலிருந்து (location.host) எடுங்கள். ஹோஸ்ட்நேமில் போர்ட் வராது. பக்கம் எச்டிடிபிஎஸ் என்றால் அதன் பாதுகாப்பான வடிவமான டபிள்யூஎஸ்எஸ் (wss) கட்டாயம். டெவ் சர்வர் பிராக்ஸியிலும் டபிள்யூஎஸ் (ws) அமைப்பை ட்ரூ ஆக்குங்கள்.