கழுத்துல இருந்து ஏறுற தலைவலிக்கு பனடோலா, உருவி விடுறதா, பிசியோவா?

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுறவங்க காலையில இருந்து அண்ணாந்தேதான் நிக்கிறாங்க, மரமோ நல்ல உசரம், கையில நீளக் கம்பு, சாயங்காலமானா பின்மண்டை ஒரு பக்கமா பிடிச்சு கண்ணுக்கு மேல வரைக்கும் வந்துடுது. கழுத்தோட மேல் மூணு நரம்பும் முகத்து நரம்பும் மூளைத்தண்டுல ஒரே இடத்துல போய்ச் சேருறதால, கோளாறு கழுத்துல இருந்தாலும் வலி நெத்தியில தெரியும். கழுத்தைத் திருப்பினா வலி கூடுது, முழுசா திரும்ப மாட்டேங்குதுன்னா கழுத்து மேல சந்தேகப்படலாம். ஆனா மைக்ரேன்லயும் கழுத்து வலிக்கும், அதனால டாக்டர் பார்த்துதான் சொல்லணும். சீப்பு பட்டாலே தலைத்தோல் வலிக்குது, பின்மண்டையில ஷாக் அடிக்கிற மாதிரி சுரீர்னு இழுக்குதுன்னா அது பின்மண்டை நரம்போட பிரச்சினையா இருக்கலாம்.

பனடோல் (பாரசிட்டமால் மாத்திரை) மலிவு, சில மணி நேரம் அடங்கும். ஆனா மாசத்துல 15 நாளைக்கு மேல, மாசக்கணக்கா போட்டா அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும், நம்ம ஊர்ல யாரும் இதைச் சொல்றதே இல்ல.

கோடாலித் தைலம் தேய்ச்சு உருவி விட்டா தசை இளகும், அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கலாம், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா சிலர் தலையைப் பிடிச்சு டக்குனு திருப்பி நெட்டி எடுக்கிறாங்க பாருங்க, அது வேண்டவே வேண்டாம், அபூர்வம்தான், ஆனா கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக்ல கொண்டு போய் விட்டிருக்கு.

என் ஓட்டு பிசியோவுக்குத்தான். மெதுவாத்தான் கேட்கும், ஆனா நிக்கும். 2002ல ஆஸ்திரேலியாவுல இந்த மாதிரி தலைவலி உள்ள 200 பேரை வச்சுப் பார்த்த ஆய்வுல, 6 வாரம் கழுத்துப் பயிற்சி செஞ்சவங்களுக்கும் பிசியோகிட்ட கை சிகிச்சை எடுத்தவங்களுக்கும் ஒரு வருஷம் கழிச்சும் பலன் இருந்துச்சு. பயிற்சியும் பெரிசா ஒண்ணுமில்ல: மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காம, ‘ஆமா’ன்னு தலையாட்டுற மாதிரி தாடையை லேசா உள்ள இழுத்து, 10 செகண்ட் பிடிச்சு விடணும், வலிச்சா நிறுத்திடணும். அரசாங்க கிளினிக்ல குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்)தான், டாக்டரைப் பார்க்கும்போது பிசியோவுக்கு லெட்டர் கேளுங்க, காத்திருக்க வேண்டி வரும், பரவாயில்ல, காத்திருங்க.

திடீர்னு இதுவரை வராத அளவு வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கை மரத்துப் போறது, பேச்சு குழறுறது, விழுந்த பிறகு வந்த வலின்னா மாத்திரையும் வேண்டாம் தைலமும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.