சுழல்வதா, திரும்புவதா: நான்கு யோயோக்களுடன் பழகியதில் தெரிந்தவை

யோயோ என்றாலே நம் ஊரில் பலருக்குக் கிரிக்கெட் வீரர்களை ஓடவிடும் உடற்தகுதிச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே பேச்சு நூலில் தொங்கிச் சுழலும் பழைய யோயோவைப் பற்றி. சில ஆண்டுகளாக நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன்: டங்கன் பட்டர்ஃபிளை, யோமேகா பிரெயின், யோயோஃபேக்டரியின் ரீப்ளே ப்ரோ, பிறகு அலுமினிய உடலும் எஃகு விளிம்பும் கொண்ட இருஉலோக யோயோ ஒன்று. விலையில் மற்ற மூன்றையும் மிஞ்சியது கடைசியாகச் சொன்னதுதான். நான் மிகக் குறைவாகக் கையில் எடுப்பதும் அதைத்தான்.

யோயோவிடம் நாம் கேட்பவை இரண்டு. நூலின் அடியில் நின்று சுழல வேண்டும். வேண்டியபோது கைக்கு ஏறி வர வேண்டும். இவை ஒன்றுக்கொன்று ஆகாதவை. நூலை ஏதாவது ஒன்று பிடித்தால்தான் யோயோ ஏறும். பிடித்தால் சுழற்சி சீக்கிரம் செத்துவிடும். பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா சென்ற பெட்ரோ ஃப்ளோரஸ், 1928இல் கலிபோர்னியாவில் விற்கத் தொடங்கிய யோயோவில் நூல் அச்சோடு இறுகக் கட்டப்பட்டிருக்கவில்லை. வளையமாக அச்சைச் சுற்றியிருந்தது. அதனால்தான் அது அடியில் நின்று சுழன்றது. விளையாடுபவர்கள் ‘ஸ்லீப்பர்’ என்று சொல்வது இந்த நிலையைத்தான். அதன்பின் வந்த வடிவமைப்புகள் எல்லாம், திருப்பி அழைக்கும் வேலையை யோயோவிடம் விடுவதா, விளையாடுபவரின் கையிடம் விடுவதா என்பதில்தான் வேறுபடுகின்றன.

பட்டர்ஃபிளையில் பேரிங் கிடையாது. நூல் நேராக எஃகு அச்சின்மேல் உரசுகிறது. உட்புறச் சுவர்களில் கதிர்களைப் போல மேடான கோடுகள் வார்க்கப்பட்டிருக்கின்றன; லேசாக மேலே இழுத்தால் அவை நூலைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து விநாடிகளில் சுழற்சி தளர்ந்துவிடுகிறது. இதற்குப் பருத்தி நூல்தான் சரி. பாலியெஸ்டர் நூல் அச்சின் உராய்வுச் சூட்டில் உருகி அறுந்துவிடும். குறைகள் இவ்வளவு இருந்தும் இதை யாருக்கும் தரமாட்டேன். வீச்சு கொஞ்சம் கோணினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரெயினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே சுருள்வில்லால் அழுத்தப்பட்ட இரண்டு கவ்விகள் இருக்கின்றன. வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விசையால் எடைகள் வெளியே நகர, கவ்வி திறந்து அச்சு விடுபடுகிறது. வேகம் குறைந்ததும் கவ்வி மீண்டும் அச்சைப் பிடிக்க, யோயோ தானாக ஏறி வருகிறது. பொறியியல் அழகானதுதான். ஆனால் எப்போது திரும்புவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஒரு வித்தையின் நடுவில் கிளம்பி வந்துவிட்டால் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறேன்.

ரீப்ளே ப்ரோ வேறு உலகம். நடுவில் ‘சி’ அளவு பேரிங்: வெளிவிட்டம் 12.7 மி.மீ., உள்விட்டம் 6.35, அகலம் 4.76. அகல இடைவெளி, பேரிங்கை ஒட்டி இருபுறமும் பள்ளத்தில் மெல்லிய சிலிக்கோன் வளையங்கள். இழுத்தால் வராது. நூலை ஒரு மடிப்பாக இடைவெளிக்குள் செலுத்தி, அந்த மடிப்பு சிலிக்கோனில் சிக்கிய பிறகே ஏறும். இதற்கு ‘பைண்ட்’ என்று பெயர். முதலில் எரிச்சலாக இருக்கும். கை பழகிய பிறகுதான் இதன் பலன் புரிகிறது: நூலில் எத்தனை முடிச்சு போட்டாலும் நாம் அழைக்கும்வரை யோயோ காத்திருக்கிறது. சுவர்கள் ‘வி’ வடிவில் விரிந்திருப்பதால் பல அடுக்கு நூல் உள்ளே இறங்கினாலும் சுவரில் உரசுவது குறைவு. சுழற்சியைக் கொல்வதில் பேரிங்கைவிட இந்தச் சுவர் உரசலுக்குத்தான் பெரிய பங்கு. நடுவில் குழிந்த பேரிங்குகளை விற்பதும் இதற்காகத்தான். நூல் சுவர்ப்பக்கம் சாயாமல் மையத்துக்கே வழுக்கி வரும்.

இனி அந்த விலை உயர்ந்த யோயோ. ஒரு யோயோ எவ்வளவு நேரம் நிலையாகச் சுழலும் என்பதை எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. சுழற்சி மாற்றத்தை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்பதைச் சொல்லும் நிலைமத் திருப்புத்திறனில் ஆரத்தின் வர்க்கம் கணக்கில் வருகிறது. விளிம்பில் உள்ள ஒரு கிராம், பாதி ஆரத்தில் உள்ள ஒரு கிராமைப்போல் நான்கு மடங்கு வேலை செய்கிறது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம், அலுமினியத்துக்கு 2.7, எஃகுக்கு 7.9. பிளாஸ்டிக்கில் அறுபத்து சொச்சம் கிராமைக் கொண்டுவரச் சுவர்களைத் தடிமனாக்க வேண்டும், எடை பரவிவிடும். எஃகு வளையமோ எடையைக் கொண்டுபோய் ஓரத்தில் குவிக்கிறது. ஒரே வீச்சின் ஆற்றலுக்குத் திருப்புத்திறன் இரட்டித்தால் கோண உந்தம், அதாவது திருப்புத்திறனையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது, சுமார் 1.4 மடங்காகும். பேரிங் உராய்வு அதைச் சீராகக் கரைக்கிறது என்று வைத்துக்கொண்டால், சுழலும் நேரமும் ஏறக்குறைய அந்த அளவு நீளும்.

கணக்கு சரி. என் அனுபவத்திலும் இருஉலோக யோயோதான் அதிக நேரம் சுழல்கிறது, சாய்வதும் குறைவு. ஆனால் அதே கோண உந்தம்தான் திசை திருப்புவதையும் எதிர்க்கிறது. உடம்பைச் சுற்றித் திசை மாற்றும் வித்தைகளில் அது தன் போக்கிலேயே நிற்க, நான் அதைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. மெதுவாக விளையாடும்போது மந்தமாகவும் தோன்றுகிறது. போட்டி மேடையில் மூன்று நிமிடம் ஓயாமல் ஆடுபவருக்கு அந்த நிலைத்தன்மை தேவைதான், எனக்குத் தேவையில்லை. மேடைக்கும்கூட அது கட்டாயமில்லை: 2014இல் பிராகில் நடந்த உலகப் போட்டியில் ஜென்ட்ரி ஸ்டைன் வென்றது எஃகு விளிம்பு இல்லாத, முழு அலுமினிய ‘ஷட்டர்’ யோயோவைக் கொண்டு.

விலையின் பெரும்பகுதி கடைசல் துல்லியத்துக்குப் போகிறது. இரண்டு பாதிகளில் ஒன்று கொஞ்சம் எடை கூடினாலோ அச்சுத்துளை இழையளவு விலகினாலோ அதிர்வு தெரியும். சுழலும் யோயோவின் ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்தால் போதும். என் இருஉலோக யோயோவில் அதிர்வே இல்லை, ரீப்ளே ப்ரோவில் கொஞ்சம் உண்டு. ஆனால் நூலின் முனையில் விரல் அதை உணர்வதில்லை என்பதால், அதிர்வை வைத்து யோயோவை எடைபோடுபவர்களின் கவலை எனக்கு மிகையாகவே படுகிறது. தரையில் விழும்போது கதை தலைகீழ். பிளாஸ்டிக்கில் கீறல் விழுவதோடு சரி. அலுமினியத்தில் நசுங்கிய இடம் பிசிறாகி நூலை அறுக்கிறது. மென்மையான உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கிறது. டைட்டானியம் காங்கிரீட்டில் உரசினால் பொறி பறக்குமாம், அந்தக் காட்சிக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். மழைக்காலம் முழுக்க உறையில் போட்டு வைத்தால் எஃகுக் குண்டுகளில் துரு பூத்து, சுழலும்போது கரகரவென்று சத்தம் வரும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். கெட்டி எண்ணெய் விட்டால் பேரிங் நூலைப் பிடிக்கத் தொடங்கி, பைண்ட் இல்லாமலே யோயோ பாய்ந்து வந்துவிடும். நூலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். முறுக்கேறிய பழைய நூலில் நல்ல யோயோவும் மோசமாகத்தான் ஆடும்.

சிலிக்கோன் வளையங்கள் தேய்ந்தால் பைண்ட் வழுக்கும். புதிதாக வாங்கிக் காத்திருப்பதற்குப் பதில், ஹார்டுவேர் கடை சிலிக்கோன் பசையைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு பழைய அட்டையால் மட்டமாக வழித்துவிடுகிறேன். முழு ஒரு நாள் காயவிட வேண்டும். சுவரின் மட்டத்துக்கு மேல் பசை துருத்தி நின்றால் யோயோ அடியில் நிற்காமல் திரும்பி முகத்துக்கு நேராக வரும்.