ஜிமிக்கிக்கு எது தோது: சுடுமண்ணா, பாலிமர் களிமண்ணா, ரெசினா?

பட்டு நூல் வளையல் சுற்றுவது எங்கள் நகைக் குழுவில் எல்லாருக்கும் கைவந்த கலையாகிவிட்டது. ஆனால் சிங்கப்பூர் வியர்வைக்கு அந்த நூல் சீக்கிரமே நிறம் மங்கும், பசையும் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் இந்தத் தீபாவளிக்கு வேறு பொருள் பார்ப்போம் என்று இறங்கினோம். யூடியூப்பில் சொல்லித் தருகிறவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, வறண்ட காற்றும் இருக்கிறது. நமக்கோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறைதான். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். அழகை விட்டுத்தள்ளுங்கள், இந்த இரண்டையும் எது தாங்குகிறது என்பதே முதல் கேள்வி.

சுடுமண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். மலிவு, வண்ணம் நன்றாகப் பிடிக்கும், பருத்திச் சேலைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. “என்னதான் இருந்தாலும் மண்ணு மண்ணுதான்” என்பார் குழுவில் ஓர் அக்கா. சரி, ஆனால் சுடுவது எங்கே? 600 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். தமிழ்நாட்டில் பானைக்குள் கரியும் உமியும் போட்டு மூட்டிவிடுகிறார்கள். புளோக்குக்குக் கீழே அதைச் செய்தால் தீயணைப்பு வண்டிதான் வரும். ஜாலான் பஹார் பக்கம் தாவ் குவாங் மட்பாண்டப் பட்டறையில் 1940இல் கட்டிய நீளமான டிராகன் சூளை இருக்கிறதே என்றால், விறகில் எரியும் அந்தச் சூளை 1,200 டிகிரியைத் தாண்டும். நம் சாதாரண மண் அந்தச் சூட்டுக்கு நிற்காது. ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி, சுட்ட வெறும் ஜிமிக்கிகளை வாங்கி வரச்செய்து இங்கே வண்ணம் தீட்டுவதுதான் வழி. கனம் அதிகம், டைல்ஸ் தரையில் விழுந்தால் உடையும்.

அடுத்தது பாலிமர் களிமண். பெயரில்தான் களிமண், உண்மையில் பிவிசி பிளாஸ்டிக். வீட்டு ஓவனிலேயே 110 முதல் 135 டிகிரிக்குள் வெந்துவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் சூடுதான் வேதவாக்கு, பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். சின்ன ஓவன்களின் திருகைப் பார்த்து மட்டும் நம்ப வேண்டாம். 130இல் வைத்தால் உள்ளே 160க்கு எகிறி இறங்கும். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கருகினால் நாற்றத்தோடு ஹைட்ரஜன் குளோரைடு புகையும் வரும். சன்னலைத் திறந்து வைத்து, உணவு இல்லாத நேரத்தில் சுடுவது நல்லது.

ஜிமிக்கிக் குடை செய்ய, அளவுக் கரண்டியின் முதுகில் மெல்லிய தகடாகத் தட்டிய களிமண்ணை ஒட்டி, விளிம்பைப் பிளேடால் நறுக்கிவிட்டு, கடுகளவு உருண்டைகளைச் சுற்றிலும் முத்தாகப் பதிப்போம். கரண்டியோடேயே சுட்டு, ஆறியதும் கழற்ற வேண்டும் (அந்தக் கரண்டி அப்புறம் சமையலுக்குத் திரும்பக் கூடாது). சரியாக வெந்த மெல்லிய தகடு வளைந்து கொடுக்கும். அரைவேக்காடு பட்டென்று ஒடியும். அளவில் பெரிதாக இருந்தாலும் காதில் கனம் தெரியாது. குறை என்று பார்த்தால், மதிய வெக்கையில் பிசையும்போதே கையில் ஒட்டும். கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்தெடுத்தால் அடங்கிவிடும்.

ரெசின் என்பது அச்சில் ஊற்றி இறுகவிடும் செயற்கைப் பிசின். கண்ணாடி மாதிரி பளபளக்கும், பார்த்தவுடன் ஆசை வரும். அதில் எப்பாக்சி வகைக்கு இரண்டு திரவங்களைச் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும், இறுக ஒரு நாளாவது ஆகும். இங்குள்ள ஈரக்காற்றில் மேலே எண்ணெய்ப் படலம் போலவோ வெள்ளை மூட்டமாகவோ படிவது சகஜம். ஏர்கான் அறையில் மூடி வைத்தால் தப்பிக்கலாம். யூவி ரெசின் சில நிமிடத்தில் புறஊதா (யூவி) விளக்கடியில் இறுகும், ஆனால் மெல்லிய அடுக்காக ஊற்ற வேண்டும். எனக்கு இதில் பிடிக்காதது வேறு: இறுகாத ரெசின் அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் அநேகமாக வாழ்நாள் முழுக்க விடாது, ஜெல் நெயில் பாலிஷும் அதோடு கைவிட்டுப் போகலாம். நைட்ரைல் கையுறை கட்டாயம். பிள்ளைகள் கூடவே உட்கார்ந்து செய்யும் நாளில் நான் ரெசினை வெளியே எடுப்பதில்லை.

பூ பதிக்க மட்டும் ரெசினுக்கு ஈடில்லை. எல்லாரும் மல்லிகைக்குத்தான் ஓடுகிறார்கள். ஈரம் துளி மிச்சமிருந்தாலும் அது பழுப்பாகிவிடும். காகிதப்பூ நல்ல தேர்வு, முன்பே காகிதம் மாதிரி இருப்பதால் அழுத்திக் காயவைத்தாலும் நிறம் நிற்கும். நடைபாலத்தில் கொட்டிக் கிடக்கிறதே என்று கை நீட்டாதீர்கள், பொது இடச் செடியில் பறிப்பது குற்றம். வீட்டுத் தொட்டியில் பூத்ததே போதும்.

சில்வர் கிளே தனி ரகம். ஜப்பானில் உருவானது. நுண்ணிய வெள்ளித் தூளும் பிணைப்பானும் நீரும் கலந்த பசை. கையடக்க கேஸ் டார்ச்சால் சுட்டால் பிணைப்பான் எரிந்து அசல் வெள்ளி மிஞ்சும். சுமார் பத்து சதவீதம் சுருங்கும், மோதிரம் செய்கிறவர்கள் அளவைக் கூட்டித்தான் செய்ய வேண்டும். விலை கையைக் கடிக்கும் என்பதால் பாலிமரில் ஒத்திகை பார்த்துவிட்டு இதைத் தொடுவோம்.

ஆக, தீபாவளி ஜிமிக்கிக்கு என் ஓட்டு பாலிமருக்கு. பூப்பதக்கத்துக்கு மட்டும் எப்பாக்சி. எதில் செய்தாலும் கொக்கியில் கஞ்சம் பிடிக்காதீர்கள். நிக்கல் கலந்த மலிவுக் கொக்கி சிலருக்குக் காதைப் புண்ணாக்கிவிடும். சர்ஜிக்கல் ஸ்டீலிலும் கொஞ்சம் நிக்கல் உண்டு, பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் வாங்கிப் போடுங்கள்.