கல்லாறு தாண்டி ஏறும் நீராவி ரயில்: பயண மதிப்புரை

கொதிகலனின் முதுகில் குதிரைச் சேணம்போல் தண்ணீர்த் தொட்டியைச் சுமக்கும் சிறு நீராவி எஞ்சின்களைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் குன்னூருக்குப் புறப்படும் மலை ரயிலின் ‘எக்ஸ்’ வகை எஞ்சின் பெரும் நிறைவைத் தந்தது. ஆனால், இதில் தொட்டிகள் முதுகில் அல்ல, கொதிகலனின் இருபுறமும் உள்ளன. வடிவமைப்பு சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தது.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே, எஞ்சினின் பற்சக்கரங்கள் பற்றி ஏறுவதற்கான பல்வரிசை கொண்ட பற்சட்டம் தொடங்குகிறது. உயர் அழுத்த நீராவி முதலில் கீழ் உருளைகளில் (சிலிண்டர்களில்) புகுந்து சக்கரங்களைச் சுழற்றுகிறது. பிறகு அதே நீராவி வீணாகாமல் மேல் உருளைகளுக்குச் சென்று பற்சக்கரங்களை இயக்க, ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவில் எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஹில்குரோ நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நின்றபோது அருகே சென்றேன். எண்ணெய் மினுங்கும் இணைப்புத் தண்டுகளின் இடையே நீராவி மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

2005இல் இந்த மலை ரயிலுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்தது பெருமைதான். ஆனால், திருச்சியின் பொன்மலை ரயில்வே பணிமனை இதே வகையில் புதிய எஞ்சின்களைக் கட்டித் தந்ததையே நான் மெய்யான பாதுகாப்பாக மதிக்கிறேன். ஓடாத எஞ்சினைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துவதால் அதை ஓட்டும் கைத்திறன் பிழைத்திருக்காது.

எஞ்சினின் மூச்சொலியைக் கேட்க விரும்புவோர் கடைசிப் பெட்டியில் அமரலாம். குன்னூருக்கு மேல் வழக்கமாக டீசல் எஞ்சினே ஓடுவதால், நீராவிக்காக வருவோர் மேட்டுப்பாளையத்திலேயே ஏறிவிட வேண்டும்.